இடது கைக் குவளை

“காலை எடுங்க! மேடம், காலை எடுங்க!”

தூக்கிய கால் அப்படியே நின்றது. திங்கட்கிழமைக் காலை, தூறல், ஒரு கையில் குடை, மறு கையில் திருத்தி முடித்த விடைத்தாள் கட்டு... இந்தக் கோலத்தில் ஒற்றைக் காலில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

யார் இது? என் குழிக்குள்ளே உட்கார்ந்துகொண்டு என்னையே அதட்டுவது?

தார்ப்பாய்க்குக் கீழே ஒருவன் மண்டியிட்டிருந்தான். தலையில் மஞ்சள் ஹெல்மெட். கையில் பெயிண்ட் அடிக்கிற பிரஷ். அவன் நிமிர்ந்து பார்த்தான். இமையில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. அந்தக் கண்களில் கோபமே இல்லை... பதைப்புதான் இருந்தது. தூங்குகிற குழந்தையை யாராவது எழுப்பிவிடுவார்களோ என்கிற பதைப்பு.

இவ்வளவு நல்ல கண்ணை வைத்துக்கொண்டு இப்படியா கத்துவது, என்று நினைத்தாள் அவள். நினைத்த மறுகணமே தன்னை ஒரு அதட்டு அதட்டிக்கொண்டாள்.

“யாருங்க நீங்க? இங்க என்ன பண்றீங்க?”

“மெதுவாப் பேசுங்க மேடம்...” மண்பாண்டங்கள் பயந்துவிடும் என்பதுபோல அவன் குரலைத் தாழ்த்தினான். “நான் குழாய் வேலை சூப்பர்வைசர். சனிக்கிழமை பள்ளம் தோண்டும்போது இது கிடைச்சுது. உடனே மிஷினை நிறுத்திட்டேன். இங்க பாருங்க... குவளை, தட்டு, முத்திரை. மண்ணு மூணு அடுக்கா இருக்கு. நடுவுல சாம்பல் வேற. எப்படியும் மூவாயிரம் வருஷம் இருக்கும். தொல்லியல் ஆபீசுக்குப் போன் பண்ணிட்டேன். பதினோரு மணிக்கு ஆள் வர்றாங்க.”

அவள் உதட்டைக் கடித்தாள். கட்டுப்படுத்தினாள். நகத்தால் உள்ளங்கையைக் கிள்ளிக்கூடப் பார்த்தாள். ஊஹூம்... பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது சிரிப்பு.

“மூவாயிரம் வருஷம் இல்ல சார்... மூணு மாசம்!”

அவள் அந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பண்டைய வரலாறு சொல்லித் தருகிறவள். வகுப்பில் இருபத்தெட்டுப் பெண்கள். அடுத்த வருஷம் ஏதாவது ஒரு ஆரம்பப் பள்ளியில், மூக்கொழுகுகிற கூட்டத்துக்கு முன்னால் நிற்கப்போகிறவர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஐயாயிரம் வருஷத்துக் கதையை எப்படிச் சொல்வது? தொட்டுப் பார்த்தால்தான் நம்பும் அந்த வயசு. அதனால் வருஷா வருஷம் ஒரு விடுமுறை நாளில் யாருக்கும் தெரியாமல் வருவாள். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு குழி வெட்டி, ஒரு வீட்டின் உடைசல்களைப் புதைத்து, மேலே மணல், சாம்பல், மண் என்று அடுக்கி மூடிவிடுவாள். மூன்று மாதத்தில் மழை அதை இறுக்கும், புல் மறைக்கும். அப்புறம் பயிற்சிப் பெண்கள் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, பிரஷ்ஷால் தள்ளித் தள்ளி எடுத்து, அங்கே ‘வாழ்ந்த’ குடும்பம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும்.

குழி எங்கே என்று ஒரு ஈ காக்கைக்கும் தெரியக்கூடாது. அதுதான் சட்டம். பிரின்சிபாலுக்கும் அதே சட்டம். போன வாரம் முழுக்க அவள் தேர்வு வேலைக்காக வேறு கல்லூரிக்குப் போய்விட, கழிவுநீர்க் குழாய் போட வந்தவர்கள் நேராக அதன் தலையிலேயே மிஷினை இறக்கிவிட்டார்கள்.

“நீங்க... புதைச்சதா?” அவன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். “அப்போ இந்தச் சாம்பல்?”

“காஞ்ச இலையை எரிச்சது.”

“முத்திரை?”

“போன வருஷப் பிள்ளைங்க களிமண்ணுல செஞ்சது. அந்த மாட்டுக்கு அஞ்சு கால் இருக்கே, எண்ணிப் பார்க்கலையா?”

“...ஒண்ணு வாலுன்னு நெனச்சேன்.”

அவ்வளவுதான். வராந்தாவில் கூடியிருந்த இருபத்தெட்டும் கொல்லென்று சிரித்தன. மிஷின் ஓட்டுகிறவர் சீட்டிலிருந்து விழாத குறை. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடலாமா என்று சனிக்கிழமையிலிருந்து சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்த பிரின்சிபால் மட்டும் சத்தமில்லாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவன் காது மடல்கள் சிவந்தன. மெல்லப் போனை எடுத்து, தொல்லியல் அலுவலகத்துக்கு, “மன்னிக்கணும் சார்... நான்தான் தப்பா...” என்று சொல்லி முடித்தான். அப்போதாவது அவள் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். அன்றைக்கு அவள் நாக்கில் யார் உட்கார்ந்திருந்தார்களோ!

“எடுத்தது எடுத்துட்டீங்க. வாங்க, வகுப்புக்கு வந்து என்ன கண்டுபிடிச்சீங்கன்னு எங்க பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. அவங்களும் கத்துக்கட்டும்.”

பாதி விளையாட்டு, பாதி கிண்டல். அவன் மறுப்பான் என்றுதான் நினைத்தாள். அவனோ சேற்றுக் காலை வாசலில் கழுவிக்கொண்டு, சைட் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றுவிட்டான்.

கரும்பலகையில் அவள் எப்போதும் எழுதி வைக்கிற மூன்று தலைப்புகள் இருந்தன. பார்த்தது. நினைக்கிறது. தெரியாதது. வரலாற்றில் இந்த மூன்றையும் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது என்பது அவள் பாடத்தின் முதல் வரி.

“அந்த வரிசையிலயே சொல்லுங்க சார்.” சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் போனாள். “நான் எழுதறேன்.”

“பார்த்ததுன்னா...” அவன் நோட்டைப் புரட்டினான். முதலில் தடுமாறியது குரல். அப்புறம் நின்று நிதானமாக வந்தது. “மண் குவளை ரெண்டு. ஜோடி. தட்டும் ரெண்டு, அதுவும் ஜோடி. ஒரு குவளையில உள்ளே நல்லா கறை ஏறியிருக்கு. இன்னொண்ணுல கறையே கிடையாது. ஒரு தட்டு தேஞ்சிருக்கு. இன்னொண்ணு வாங்கின மாதிரியே இருக்கு. ஆனா நாலும் ஒரே மாதிரி உடைஞ்சிருக்கு. விழுந்து உடைஞ்ச மாதிரி இல்ல... நாலுலயும் எதையோ வச்சுத் தட்டின தடம் இருக்கு.”

பலகையில் ஓடிக்கொண்டிருந்த சாக்பீஸ் கொஞ்சம் மெதுவானது.

“இனிமே சொல்றது என் நெனப்பு. ரெண்டு பேர் வாழணும்னு ஆசையா சாமான் வாங்கின வீடு இது. ஆனா வாழ்ந்தது ஒருத்தர்தான், பல வருஷமா. இன்னொருத்தர் இறந்துபோயிருக்க முடியாது. இருந்து இறந்திருந்தா அவங்க குவளையிலயும் கறை இருக்கும்ல? அவங்க வரவே இல்ல.”

அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

“அப்புறம், குடிச்சவங்க இடது கைக்காரங்க. கைப்பிடியையும் உதடு பட்டுத் தேஞ்ச இடத்தையும் சேர்த்துப் பார்த்தா தெரியும். வலது கையில பிடிச்சா வாய் அந்தப் பக்கம் வராது. தெரியாதது ரெண்டு. அந்த ரெண்டாவது ஆள் ஏன் வரல? இத்தனை வருஷம் பத்திரமா வச்சிருந்துட்டு ஏன் உடைச்சாங்க?” நோட்டை மூடிவிட்டு மனசாரச் சிரித்தான். “இப்படி ஒரு வீட்டையே யோசிச்சு, கற்பனை பண்ணிப் புதைச்சிருக்கீங்களே மேடம்... நெஜமாவே பெரிய விஷயம்.”

யாரும் கை தட்டவில்லை. இருபத்தெட்டு ஜோடிக் கண்களும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவனும் திரும்பிப் பார்த்தான்.

சாக்பீஸ் அவளுடைய இடது கையில் இருந்தது.

“மேடம்... நான்... சத்தியமா எனக்கு...”

“இன்னைக்கு வகுப்பு இத்தோட போதும்” என்றாள். குரல் அவள் குரலாகவே இல்லை. விடைத்தாள் கட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே நடந்துவிட்டாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நிச்சயமான ஒரு கல்யாணம். ஒரு கண்காட்சியில் பார்த்ததும் பிடித்துப்போய் அவளே வாங்கியவை அந்த இரண்டு குவளையும் இரண்டு தட்டும். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. வேறு இடம் முடிவாகிவிட்டதாம், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாமாம். அவள் மனசில் வைத்துக்கொள்ளவில்லை, அலமாரியில் வைத்துக்கொண்டாள். வேலை கிடைத்து, தனி வீடு பார்த்து, தினமும் ஒரு குவளையில் தேநீர் குடித்தாள். இந்த வருஷம் குழிக்குச் சாமான் தேடும்போது, எதற்கு இந்த ஜோடியைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று தோன்றியது. சுத்தியலை எடுத்துத் தட்டினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் கொட்டித் தீர்த்தாள். “குழாய் போட வந்த ஆளு, என் வீட்டையே வகுப்புல படிச்சுக் காட்டிட்டான்க்கா!”

“தப்பாப் படிச்சானா?”

“...இல்ல.”

“ஒரு எடத்துலகூடவா?”

“இல்லக்கா. அதான் சொல்றேன்ல.”

“அப்புறம் எதுக்குடி கோவம்? எட்டு வருஷமா பக்கத்துல இருந்து பார்த்த எனக்கே, நீ எந்தக் கையால டீ குடிப்பேன்னு கேட்டா முழிப்பேன்.” அக்கா கொஞ்சம் நிறுத்தினாள். “ஆள் பார்க்க எப்படி இருப்பான்?”

“நான் போனை வைக்கிறேன்.”

“இமையைப் பத்தி ஏதோ சொன்னியே...”

வைத்தேவிட்டாள்.

செவ்வாய், புதன். அவன் அவள் கண்ணில் படவில்லை. படாமல் பார்த்துக்கொண்டான் என்பதுதான் சரி. அவள் வராந்தாவில் வந்தால் அவன் பள்ளத்துக்குள் இறங்கிவிடுவான். அவளும் ஒன்றும் லேசுப்பட்டவள் இல்லை. ஜன்னல் பக்கமே திரும்பாத மாதிரி திரும்பிக்கொண்டு, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளம் நேராக வந்து, குழிக்கு முன்னால் வளைந்து, மூன்றடி தள்ளிப் போவது தெரிந்தது. வளைகிற இடத்தில் மட்டும் மிஷின் இல்லை. கடப்பாரையும் மண்வெட்டியுமாக அவனே தோண்டிக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை மதியம் மிஷின் ஓட்டுகிறவர் தயங்கித் தயங்கி வந்தார். “மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்கண்ணே.”

“ஆறு வருஷம் முன்னாடி வேற ஒரு சைட்டுல, பள்ளத்துக்குள்ள வரிசையா பெரிய பெரிய தாழியா வந்துச்சு. நெஜமாவே பழசு. எங்க சார் மேலிடத்துல கேட்டாரு. நிறுத்தாதே, ஓட்டுன்னுட்டாங்க. நான்தான் மேடம் ஓட்டுனேன். ஒரு மணி நேரத்துல எல்லாம் தூளாகிடுச்சு. ரெண்டு நாள் அவர் சோறு திங்கல. அன்னையிலருந்து மண்ணுல ஒரு சில்லு தெரிஞ்சாப் போதும், கையைத் தூக்கிடுவாரு.” தலையைச் சொறிந்துகொண்டார். “இப்போ நின்ன வேலைக்கு மேலிடத்துல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு. வெள்ளிக்கிழமையோட இங்கேருந்து தூக்கிட்டாங்க. எப்பவும் இதே கதைதான். வீட்டுல பொண்ணு பார்க்க ஆரம்பிக்கிறதுக்குள்ள வேற ஊர் மாத்திடறாங்க.”

ஆறு வருஷம் ஒருவன் சுமந்த பாரத்தைப் பார்த்தா நான் சிரித்தேன்? அதுவும் இருபத்தெட்டுப் பேரைக் கூட்டு சேர்த்துக்கொண்டு?

வியாழக்கிழமை வகுப்பில், எதற்கெடுத்தாலும் ‘ஒரு சந்தேகம் மேடம்’ என்று எழுந்திருப்பதால் ‘சந்தேகம்’ என்றே பெயர் வாங்கிவிட்ட பெண் எழுந்தாள். மற்றவர்கள் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்கள். அவள் உட்காரவில்லை.

“ஒரு சந்தேகம் மேடம். அந்த சார் சொன்னதுல... எது தப்பு?”

நாலு நாளாக அழிக்காமல் கிடந்த கரும்பலகையை அவள் பார்த்தாள்.

“எதுவும் தப்பில்லம்மா. பார்த்ததைப் பார்த்தேன்னு சொன்னாரு. நெனச்சதை நெனச்சேன்னு சொன்னாரு. தெரியாததைத் தெரியலன்னு சொல்லிட்டு நின்னுட்டாரு. வருஷம் முழுக்க நான் உங்களுக்குக் கத்துக்குடுக்கப் பார்க்கறதை அஞ்சு நிமிஷத்துல செஞ்சு காட்டிட்டுப் போயிட்டாரு.”

“அப்போ வயசை மட்டும்...”

“வயசை மட்டும் கொஞ்சம் கூடுதலாப் போட்டுட்டாரு.” வகுப்பு லேசாகச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “தப்பு செஞ்சது நான். கேட்டுக்குங்க. அடுத்த வருஷம் உங்ககிட்ட ஒரு பிள்ளை ஓடி வரும். கையில ஒரு கல்லு. டீச்சர், டைனோசர் பல்லுன்னு சொல்லும். அப்போ நீங்க சிரிச்சீங்கன்னு வைங்க... அது ஜென்மத்துக்கும் இன்னொரு கல்லைக் குனிஞ்சு எடுக்காது. சிரிக்காதீங்க. எங்க கிடைச்சுது, காட்டுன்னு கேளுங்க. நான் அன்னைக்கு அதைக் கேக்கல.”

சந்தேகம் மெதுவாகச் சொன்னாள். “இதை எங்ககிட்ட சொல்லி என்ன மேடம் பிரயோஜனம்? அவர்கிட்டல்ல சொல்லணும்.”

போக்கிரிப் பெண்!

வெள்ளிக்கிழமை பிடித்தது பாருங்கள் மழை... சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, தகரக் கொட்டகையில் அவன் மட்டும் பையோடு நின்றிருந்தான். குடையிலும் அடங்காத மழையில் அவள் வந்தாள். கையில் ஃபிளாஸ்க்.

“மேடம்... அன்னைக்கு நான்...”

“நீங்க பேசாதீங்க. நான் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கேன், மறந்துடும்.” மூச்சு வாங்கினாள். “சிரிச்சது என் தப்பு. மன்னிச்சுக்குங்க. உங்க தாழிக் கதை எனக்குத் தெரியும்.”

அவன் மழையைப் பார்த்தான். “ஒரு நாள் நிறுத்தாம விட்டுட்டேன். அதான் இன்னைக்கு எதைப் பார்த்தாலும் நிறுத்தறேன். பைத்தியக்காரத்தனம்தான்.”

“இல்ல.” அந்த ஒற்றைச் சொல்லை அவள் சொன்ன விதத்தில் அவன் திரும்பினான். “போர்டுல ரெண்டு தெரியாதது விட்டுட்டுப் போனீங்க. அதுக்குப் பதில் சொல்ல வந்தேன். ரெண்டாவது ஆள் ஏன் வரலன்னா... அவனுக்கு வேற இடம் பிடிச்சுப்போச்சு. அவ்வளவுதான், பெரிய காவியமெல்லாம் இல்ல. ஏன் உடைச்சேன்னா...”

இங்கேதான் மனப்பாடம் கைவிட்டது.

“நான் இன்னும் காத்துக்கிட்டு இருக்கேன்னு... எனக்கே தெரியக்கூடாதுன்னு உடைச்சேன்.”

தகரத்தில் மழை கொட்டியது. அவன் இரண்டு கண்ணாடி டம்ளர்களைக் கழுவி எடுத்து வந்தான். கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு பெஞ்ச். அவள் உட்கார, இடது பக்கம் கொஞ்சம் இடம் விட்டு அவனும் உட்கார்ந்தான். ஆவி பறக்கத் தேநீர்.

“நான் ஒண்ணு சொல்லலாமா?” என்றான். “சனிக்கிழமை அந்தக் குவளையைத் துடைக்கும்போது எனக்கு என்னமோ ஆகிடுச்சு. அந்தக் கறை, அந்தத் தேஞ்ச விளிம்பு... யாரோ ஒருத்தர் தினமும் தனியா உட்கார்ந்து குடிச்சிருக்காங்களே, இவங்களோட உட்கார்ந்து ஒரு டீ குடிக்க ஆள் இல்லாமப் போச்சேன்னு இருந்துச்சு. நான் இருந்திருந்தா குடிச்சிருப்பேனேன்னு நெனச்சேன். மூவாயிரம் வருஷம் லேட்டாப் பொறந்துட்டோமேன்னு... சிரிக்காதீங்க... ரெண்டு நாள் நெஜமாவே வருத்தப்பட்டேன்.”

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலும் இல்லை.

“அப்புறம் திங்கட்கிழமை வந்து, மூணு மாசம்னு சொன்னீங்க. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. மானம் போச்சுதான். ஆனா உங்க இடது கையைப் பார்த்தேன் பாருங்க... உங்களைக் காயப்படுத்திட்டோமேன்னு ஒரு பக்கம் துடிச்சாலும், உள்ளுக்குள்ள எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. அவங்க இருக்காங்க... இன்னைக்கு, இங்கேயே இருக்காங்க...” குரல் உடைந்தது. “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. குவளையிலேயே பிடிச்சுப்போச்சு.”

அவள் டம்ளரைத் தூக்கினாள். அதே நேரம் அவனும் தூக்கினான். அவளுடைய இடது முழங்கையும் அவனுடைய வலது முழங்கையும் மடாரென்று மோதி, இரண்டு டம்ளர் தேநீரும் பாதி பெஞ்சில், பாதி அவன் பேண்ட்டில்!

“ஐயய்யோ! சுட்டுடுச்சா?”

“இல்ல... கொஞ்சம்...”

“இடது கைக்காரங்க பக்கத்துல உட்கார்ந்தா இப்படித்தான்” என்றாள். கண்ணில் நீரும் உதட்டில் சிரிப்புமாக இருந்தாள். “எட்டு வருஷமா பக்கத்துல யாரும் உட்காரல. எனக்கே மறந்துபோச்சு.”

“மாத்தியிருக்கிற ஊரு இங்கேருந்து மூணு மணி நேரம்தான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்” என்றான் அவன். “வரலாமா?”

“வராம இருந்து பாருங்க. எனக்கும்...” தரையைப் பார்த்தாள். மழையைப் பார்த்தாள். பார்ப்பதற்கு வேறெதுவும் மிச்சமில்லாமல் போகவே, அவன் கண்களைப் பார்த்தாள். “எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்குங்க.”

ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த தேநீரை அவள் இரண்டு டம்ளரிலும் ஊற்றினாள். அவன் எழுந்தான். டம்ளரை எடுத்துக்கொண்டு பெஞ்சைச் சுற்றிவந்து அவளுடைய வலது பக்கத்தில் உட்கார்ந்தான். இப்போது இடிக்கவில்லை. அவள் இடது கையால் குடித்தாள், அவன் வலது கையால் குடித்தான். நடுவில் அவளுடைய வலது கையும் அவனுடைய இடது கையும் வேலையில்லாமல் சும்மா இருந்தன.

கொஞ்ச நேரம்தான் அப்படிச் சும்மா இருந்தன.